'செக்' என்று எதிராளிதான் சொல்ல வேண்டும்

நேற்றுக் காலை மருமகள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அத்தை, கேஸை மூடிட்டேனான்னு ஒரு தடவை செக் பண்ணிடுங்க." பத்து மணிக்கு என் கணவரை 'செக்-அப்'புக்கு அழைத்துப் போனேன். மத்தியானம் குடியிருப்போர் சங்கத்துக்குப் பராமரிப்புத் தொகைக்கு ஒரு செக் எழுதினேன். சாயங்காலம் டிவியில், ஒரு கட்சி தன் கூட்டணிக் கட்சிக்கு 'செக்' வைத்துவிட்டதாகக் கீழே செய்தி ஓடியது. ஏழு மணிக்குப் பேரன் செஸ் பலகையை விரித்தான். கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான், அவன் பாஷையில் 'செக்டு ஷர்ட்'. பதினைந்து நிமிஷத்தில் தன் மந்திரியை என் ராஜாவுக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தான். "பாட்டி, செக்!"

ஒரே நாளில் ஆறு செக். ஆறும் வேறு வேறு விஷயம் போலத்தான் தெரியும். ஆனால் ஆறும் ஒரே சொல், ஒரே வேர். ஆறுக்கும் தாய், பேரன் கடைசியாகச் சொன்ன செக்தான்.

நான் 33 வருடம் வங்கியில் வேலை பார்த்தவள். 1984-ல் டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர்க் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்து, 2017-ல் ஓய்வு பெற்றேன். அத்தனை வருடமும் இந்தச் சொல்லைக் கையால் எழுதினேன், வாயால் சொன்னேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் அகராதிகளைப் புரட்ட நேரம் கிடைத்தது. புரட்டப் புரட்ட, நான் செய்த வேலையின் அர்த்தமே எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். நம் நாட்டுச் சதுரங்கம், யானை குதிரை தேர் காலாள் என்ற நாற்படை ஆட்டம், பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆனது. அரபியரிடம் 'ஷத்ரஞ்ச்' ஆனது. பாரசீகத்தில் ஆடியவர்களிடம் ஒரு மரியாதை இருந்தது. எதிராளியின் ராஜாவைத் தாக்கும் இடத்துக்கு நம் காய் வந்துவிட்டால், "ஷா!" என்று குரல் கொடுக்க வேண்டும். 'உன் ராஜாவைப் பார்த்துக்கொள்' என்று எச்சரிக்கை. அந்தக் குரல்தான் அரபியர் வழியாக ஸ்பெயினுக்கும் சிசிலிக்கும் போய், இடைக்கால லத்தீனில் 'ஸ்காக்கஸ்' என்று உருமாறி, பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' ஆகி, ஆங்கிலத்தில் 'செக்' என்று வந்து நின்றது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து பிறந்ததுதான் 'செஸ்'. ஆக, செஸ் என்றாலே 'ராஜாக்கள்' என்றுதான் பொருள்.

'செக்மேட்' என்பது 'ஷா மாத்'. ராஜா செத்தான் என்று பலரும் பொருள் சொல்வார்கள், அரபியில் 'மாத' என்றால் இறந்தான் என்பதால். பாரசீகத்தில் 'மாத்' என்றால் செய்வதறியாமல் திகைத்து நிற்பவன். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. பலகையில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே. நகர வழியில்லாமல் நிற்கிறான், அங்கேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

இன்னும் பின்னால் போனால், 'ஷா'வுக்கு முந்தைய வடிவம் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு, பாரசீக மன்னன் டேரியஸ் பெஹிஸ்தூன் பாறையில் வெட்டிவைத்த கல்வெட்டில் இருக்கிறது: 'க்ஷாயதிய'. ஆளுதல் என்ற பொருள் தரும் வேர். சமஸ்கிருத 'க்ஷத்ர' அதற்கு உடன்பிறப்பு. நாம் சத்திரியர் என்கிறோமே, அதில் இருப்பதும் அந்த வேர்தான். செக் புத்தகமும் சத்திரியரும் பங்காளிகள் என்று தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, ராஜாவுக்குக் கொடுத்த குரல் எப்படி 'சரிபார்த்தல்' ஆனது? உடனே ஆகவில்லை. செக் என்று கேட்டதும் ஆடுபவன் என்ன செய்கிறான்? மனசில் வைத்திருந்த திட்டத்தை எல்லாம் அப்படியே நிறுத்துகிறான். குதிரையை எங்கே தாவவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவன், முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அந்த 'சட்டென நில்' என்பதுதான் சொல்லின் முதல் கிளை. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் செக் என்றால் தடை, பின்னடைவு, கட்டுப்படுத்துதல். ஓடையில் தண்ணீரை நிறுத்தும் செக் டேம், வண்டியை நிறுத்தும் செக் போஸ்ட், மோட்டாரில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் செக் வால்வ் எல்லாம் இந்தக் கிளையைச் சேர்ந்தவை. டிவியில் கட்சிக்கு வைத்த செக்கும் இங்கேதான் வரும். சரிபார்த்தல் என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஆங்கிலத்தில் காணக் கிடைக்கிறது. அதற்கு முன்னால் பல நூறு வருடம் இந்தச் சொல் 'நிறுத்து' என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொரு கிளை பலகை வழியாகப் போகிறது. வங்கிக்காரியான எனக்கு இதுதான் மனசுக்கு நெருக்கம்.

இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி அரசனின் பொருளாளராக இருந்தவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நைஜல். 1170-களின் கடைசியில், அரசாங்கக் கணக்கு எப்படிப் பார்க்கப்படுகிறது என்று லத்தீனில் ஒரு புத்தகம் எழுதினார், கேள்வி பதில் வடிவத்தில். அதில் ஒரு மேசையைப் பற்றிச் சொல்கிறார். பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே வைப்பது கீழே உருண்டு விழாமல் இருக்க, சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேசைமேல் கோடுகள் போட்ட கறுப்புத் துணி. பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுனுக்கு ஒன்று, அப்புறம் இருபது பவுன், நூறு, ஆயிரம் என்று தனித்தனிப் பத்திகள். மாவட்டத்தில் வரி தண்டும் ஷெரிஃப், ஈஸ்டருக்கு ஒரு முறையும் செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் திருநாளுக்கு ஒரு முறையும் அங்கே வந்து உட்கார வேண்டும். அவர் கட்ட வேண்டிய தொகைக்குக் காய்களை வைப்பார்கள். கட்டிய தொகைக்குக் காய்களை வைப்பார்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மேசையைப் பார்த்தால் கணக்குப் புரியும். சதுரங்கத்தில் ராஜாக்கள் மோதுவதுபோல் இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நைஜலே சொல்கிறார். லத்தீனில் சதுரங்கப் பலகைக்கு 'ஸ்காக்காரியம்' என்று பெயர். அந்த மேசையால் அந்த அலுவலகத்துக்கே அதுதான் பெயரானது: 'எக்ஸ்செக்கர்'. இன்றைக்கும் பிரிட்டனின் நிதியமைச்சருக்கு 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்றுதான் பதவிப் பெயர்.

கட்டம் போட்ட துணிக்கு 'செக்ஸ்' என்று பெயர் வந்ததும் இந்தப் பலகையால்தான். நம் நெசவாளர்கள் கட்டம் என்பார்கள், காஞ்சிபுரத்தில் பாலும் பழமும், கொட்டடி என்று கட்டத்துக்குக் கட்டம் பெயர் உண்டு. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். பஸ் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தபோது எனக்கு ஃபிட்ஸ்நைஜலின் மேசைதான் நினைவுக்கு வந்தது.

அந்த மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு பொருள் உண்டு: கணக்குக் குச்சி. ஷெரிஃப் பணம் கட்டினால், பெரும்பாலும் ஹேசல் மரத்தில் செய்த ஒரு குச்சியை எடுத்து வெட்டுப் போடுவார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை கனத்துக்கு வெட்டு. நூறுக்குக் கட்டைவிரல் கனம். இருபதுக்குச் சுண்டுவிரல். ஒரு பவுனுக்கு முற்றிய வாற்கோதுமை மணி அளவு. வெட்டுகளின் குறுக்கே போகும்படி குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி கட்டியவரிடம், ஒரு பாதி அரசாங்கத்திடம். அடுத்த முறை வரும்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வெட்டும் பொருந்த வேண்டும், மரத்தின் நாரோட்டமும் பொருந்த வேண்டும். ஒருவர் கள்ளத்தனமாகத் தன் பாதியில் ஒரு வெட்டுக் கூடப் போட்டாலும் எதிர்ப்பாதி காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் குச்சிக்குப் பெயர் 'டேலி'. "கணக்கு டேலி ஆகலை" என்று மளிகைக் கடையில்கூடச் சொல்கிறோமே, அந்த டேலிதான். குச்சியின் இரண்டு பாதிகளில் ஒன்று 'ஸ்டாக்', இன்னொன்று 'ஃபாயில்'. வங்கியில் பணம் கட்டினால் முத்திரை குத்திக் கையில் கொடுக்கும் கவுன்டர்ஃபாயில், அந்த மரக்குச்சியின் பாதி. 33 வருடம் நான் கிழித்துக் கொடுத்தது அதைத்தான்.

1826-ல் குச்சி முறையை நிறுத்தினார்கள். 1834 அக்டோபர் 16 அன்று, குவிந்து கிடந்த பழைய குச்சிகளை வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் அடுப்புகளில் அள்ளிப் போட்டு எரித்தார்கள். தீ புகைபோக்கி வழியாகப் பரவி, அன்று ராத்திரி பாராளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது. அந்த அடுப்புகளை அன்று யாராவது ஒருவர் எதிரில் நின்று பார்த்து, 'போதும், நிறுத்து' என்று சொல்லியிருக்கலாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு டேலி இருந்தது. பால் ஊற்றுகிற அம்மா திண்ணைச் சுவரில் தினமும் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். என் பாட்டி சமையலறைக் கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் ஒரு கோடு போடுவார். மாசக் கடைசியில் இருவரும் அவரவர் கோட்டை எண்ணி, எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்வார்கள். ஒத்துப்போனால்தான் காசு கை மாறும். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. கணக்கில் ஒரு நாள் பிசகியதில்லை.

வங்கிச் செக்கின் கதையும் இந்தப் பாதிகளின் கதைதான். 18-ஆம் நூற்றாண்டில், மோசடியைத் தடுப்பதற்காக வங்கி தன்னிடம் வைத்துக்கொண்ட எதிர்ப்பாதியைத்தான் முதலில் செக் என்றார்கள். பிறகு அந்தப் பெயர் தாளுக்கே ஒட்டிக்கொண்டது. அமெரிக்கர்கள் இன்றும் சரிபார்க்கும் செக்கையும் வங்கிச் செக்கையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் எக்ஸ்செக்கரை மனசில் வைத்து, வங்கிச் செக்கின் எழுத்தை மட்டும் 'cheque' என்று மாற்றிவிட்டார்கள். அதனால்தான் நமக்கு இரண்டும் வேறு சொல் என்று தோன்றுகிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஒலி ஒத்துப்போனால் எல்லாம் உறவாகிவிடாது. எண்ணெய் ஆட்டும் செக்குக்கும் இந்தச் செக்குக்கும் சம்பந்தமில்லை. கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும் 'செக்குபந்தி', நிலத்துண்டைக் குறிக்கும் 'சக்' என்ற வடக்கத்திச் சொல்லிலிருந்து வந்தது. கடன் பத்திரங்களைப் பார்த்த காலத்தில், அதுவும் ஆங்கிலச் செக்தான் என்று என்னோடு சாதித்தவர்கள் உண்டு.

இப்போது என் கதை. கம்ப்யூட்டர் வராத காலம். ஒருவர் செக்கை நீட்டினால் பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுப்போம். ரூபாய் நாணயத்தைவிடப் பெரிசு, நடுவில் எண் குத்தியிருக்கும், பல பேர் கை பட்டு ஓரம் மழுங்கி வழவழவென்று இருக்கும். செக்கில் டோக்கன் எண்ணை எழுதி லெட்ஜர் கிளார்க்கிடம் அனுப்புவோம். அவர் தேதி, எழுத்தால் எழுதிய தொகை, எண்ணால் எழுதிய தொகை, கணக்கில் இருப்பு எல்லாம் பார்த்து, லெட்ஜரில் பதிந்து டிக் போடுவார். ஆபீசர் கையெழுத்தை ஒத்துப் பார்த்து இனிஷியல் போடுவார். கேஷியர் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார்.

1987 என்று நினைவு. நான்தான் லெட்ஜரில் இருந்தேன். அன்று சாயங்காலம் கணக்கு ஒத்துப்போகவில்லை. 900 ரூபாய் வித்தியாசம். ஆறு மணி, ஏழு மணி. கூட்டல்களை எல்லாம் மறுபடி மறுபடி பார்த்தோம். எட்டு மணிக்கு, வீட்டுக்குக் கிளம்பிய ஹெட் கிளார்க் திரும்பி வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "900 ஒன்பதால வகுபடுதாம்மா? அப்ப எண்ணு இடம் மாறியிருக்கும். ஒன்பதால வகுத்தா நூறு வருது. ஆயிரமும் நூறும் தலைகீழா விழுந்திருக்கு, ரெண்டு எண்ணுக்கும் நடுவுல ஒண்ணுதான் வித்தியாசம். அதை மட்டும் தேடு." அப்புறம் செக்குகளை அவர் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தார், நான் லெட்ஜரில் விரல் வைத்துப் பார்த்தேன். பத்தாவதோ பதினோராவதோ செக்கில், "ஏழாயிரத்து அறுநூத்தி நாப்பது" என்றார். என் விரலுக்குக் கீழே, என் கையெழுத்தில், 6,740 என்று இருந்தது. பக்கத்தில் என் டிக். அதற்குப் பக்கத்தில் ஆபீசரின் இனிஷியல்.

அந்த எண்ணை அன்று சாயங்காலம் மட்டும் நான் நாலு தடவை பார்த்திருப்பேன். நாலு தடவையும் சரியாகத்தான் தெரிந்தது. கண் என்னுடையது, தப்பும் என்னுடையது, ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்கவில்லை. ஆபீசர் வருவார் என்று நம்பி நான் டிக் போட்டேன். என் டிக்கை நம்பி அவர் இனிஷியல் போட்டார். தாளில் இரண்டு செக் இருந்தது, உண்மையில் ஒன்றுகூட நடக்கவில்லை. எதிரில் ஒருவர் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்ன நிமிஷத்தில்தான் அது நடந்தது.

சொல்லின் கதையைப் படித்தபோது எனக்கு உறைத்தது இதுதான். பாரசீகத்தில் "ஷா!" என்று சொல்பவன் எதிராளி. எக்ஸ்செக்கர் மேசையில் ஒரு பக்கம் பொருளாளர், எதிர்ப்பக்கம் ஷெரிஃப். குச்சிக்கு இரண்டு பாதி. தனக்குத்தானே செக் சொல்லிக்கொள்கிற ஆட்டம் எங்கேயும் இல்லை. நம் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் பழைய பத்திரத்துக்கு நகல் வாங்கினால் படித்தவர் ஒருவர், ஒப்பிட்டவர் ஒருவர் என்று இரண்டு கையெழுத்து இருக்கும். 'சரிபார்' என்ற நம் சொல்லைவிட இந்த 'ஒப்பு நோக்கு' என்ற சொல்தான் செக்குக்கு நெருக்கம் என்று நினைக்கிறேன். சரிபார் என்னும்போது பார்க்கிறவர் ஒருவர்தான். ஒப்பு நோக்க இரண்டு வேண்டும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்த விதியை மென்பொருளிலேயே எழுதிவிட்டார்கள். 'மேக்கர், செக்கர்' என்பார்கள். பதிவு செய்தவர் அடையாள எண்ணாலேயே அதை அனுமதிக்க முடியாது, இன்னொருவர் வந்து ஒப்புதல் தர வேண்டும். 2021 ஜனவரி முதல் வந்த 'பாசிட்டிவ் பே' முறையும் அப்படித்தான். 50,000 ரூபாய்க்கோ அதற்கு மேலோ எழுதிய செக்குக்கு, எழுதிக் கொடுத்தவர் தேதி, பெயர், தொகையை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவித்துவைக்கலாம், செக் வந்ததும் இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். குச்சியின் இரண்டு பாதிதான், மரம் மட்டும் இல்லை.

ஆனால் நான் வேலை பார்த்த ஒரு கிளையில், கூட்ட நேரத்தில் காத்திருக்க முடியாது என்று, செக்கரின் கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். பதிந்தவரே அனுமதித்தார். எனக்கு வயிறு கலங்கியது. மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை அந்தச் சீட்டை எடுத்துக் கிழித்துப் போட்டேன். ஒரு மாசம் என்னோடு யாரும் டீ குடிக்க வரவில்லை. அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

பேரனின் செஸ் ஆசிரியர், போட்டியில் 'செக்' என்று சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, சும்மா இரு என்று கற்றுக்கொடுத்திருக்கிறார். விதிப்படி அதுதான் சரி. ஆனால் வீட்டில் என்னோடு ஆடும்போது சொல்லியே ஆக வேண்டும் என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவனும் சொல்கிறான், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்படி.

ராத்திரி ஒன்பது மணிக்கு என் கணவர் மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். செக்-அப்பில் டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றியிருக்கிறார், பழையதும் புதுசும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை விளக்குக்கு நேராகப் பிடித்தேன். அவர் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். மூன்றாவது அட்டையில் நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.